கிள்ளானுக்குத் தள்ளிய டிராலி

அன்று டிராலியில் இருந்தவர்கள்: முன்னால் குடையோடு, ரயில் பாதையைச் சோதிக்கும் வெள்ளைக்காரத் துரை. எனக்கு ஜோடியாக எதிர்த் தண்டவாளத்தில் ஓடுகிற சேலத்து அண்ணன். இன்னொரு ஜோடியில் ஒரு தெலுங்குக்காரர், பேச்சு குறைவு. அவரோடு ஒரு தஞ்சாவூர்க்காரன், வாய் ஓயாது. பிறகு நான்.

டிராலி என்றால் நாலு சக்கரம், மேலே பலகை, ஒரு பெஞ்சு. துரை அதில் உட்கார்ந்து ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டே போவார். இரண்டு பேர் வெறுங்காலோடு தண்டவாளத்தின் மேலேயே ஓடித் தள்ள வேண்டும். வேகம் பிடித்ததும் தாவி ஏறிக்கொள்ளலாம். களைத்தால் அடுத்த ஜோடி. ரயில் வந்தால் நாலு பேருமாகத் தூக்கி ஓரத்தில் வைக்க வேண்டும். மோட்டார் வைத்த டிராலி அப்போது எங்கள் பக்கம் வரவில்லை.

வெயிலில் இரும்பு சுடும். மழையில் வழுக்கும். அது பழகிவிட்டது. பழகாதது வேறு. பாதை வேலைக்காரர்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலை காலியானபோது எனக்குத்தான் என்றார்கள். எனக்குப் பின்னால் வந்தவனுக்குக் கொடுத்தார்கள். துரை எனக்காகப் பரிந்து பேசவில்லை. வேகம் போதாவிட்டால் குடைக்காம்பால் பலகையைத் தட்டுவார். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். காலையில் விழித்தால் எழுந்து போக மனசு வராது.

கிள்ளானில் ஓர் அரிசிக் கடையில் ஆள் கேட்டார்கள். கிடங்கில் உட்கார்ந்து மூட்டை எண்ணி விடும் வேலை. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த ரயில்வே லயத்து வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"ஓடுறது உங்க காலு. நீங்களே பாத்துக்குங்க," என்றாள்.

அந்த வாரமே துரை கிள்ளான் பாலம் பார்க்கக் கிளம்பினார். தள்ளிக்கொண்டு போனோம். அவர் பாலத்தடியில் இறங்கியதும் அண்ணனிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாளைக்கே வந்துரு. வரலைன்னா வேற ஆளு வச்சிருவேன்."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

"என்னண்ணே, மொதலாளி ஆயாச்சா? நமக்கு ஒரு மூட்டை எடுத்து வையி லா," என்றான் தஞ்சாவூர்க்காரன்.

"நாளையிலேருந்து அங்கதான்," என்றேன்.

அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னிக்கி வூடு வரைக்கும் தள்ளிட்டுப் போ," என்றார்.

திரும்பும் வழியில் ஒரு மேடு உண்டு. நாலு பேரும் சேர்ந்து தள்ளினால்தான் ஏறும். அதற்கப்புறம் நல்ல இறக்கம். எல்லாரும் ஏறி உட்கார்ந்தோம். இரண்டு பக்கமும் ரப்பர் மரம். காற்று வேட்டியைத் தூக்கியது. துரை குடையை மடக்கி இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் தொப்பியை அழுத்திக்கொண்டார்.

"பிரேக்கப் புடிக்காதீங்க நைனா! தொப்பி பறக்குறதப் பாத்துருவோம்!" என்று தஞ்சாவூர்க்காரன் கத்தினான்.

பிரேக் தெலுங்குக்காரர் கையில் இருந்தது. "பறந்தா நீதான் ஓடி எடுப்ப," என்றார். அவர் அன்று பேசியது அது ஒன்றுதான்.

அண்ணன் சிரித்துச் சிரித்து இருமல் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன். துரைக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். காற்றில் கேட்டிருக்காது. தொப்பி பறக்கவில்லை.

அந்தக் கிடங்கில் என் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று நான் கேட்கவே இல்லை. அது அப்போதுதான் உறைத்தது.

பிரிக்பீல்ட்ஸில் டிராலியைத் தூக்கி வைத்துச் சங்கிலி போட்டோம். அண்ணன் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எந்தப் பக்கம்ணே?"

"நீ கிள்ளானுக்கில்ல போற?"

"போவல."

அவர் இன்னொரு காலையும் கழுவினார். "காஜாங் பக்கம். வெள்ளன வா," என்றார்.

துரை மாறினார். வேறு துரை வந்தார். மண்டோர் வேலை எனக்குக் கடைசிவரை வரவில்லை. மனசு வராத காலைகளும் நிறைய வந்தன. எழுந்து போனேன். இப்போது அந்த இறக்கத்தை நினைத்தால் காலில் சுட்டது ஞாபகம் வருவதில்லை, காற்றுதான் வருகிறது.

அண்ணனும் நானும் ஜோடியாக ஓடியது பதினோரு வருஷம்.