மேஸ்திரி அக்காவின் ரத்தம்

அழுக்கு மூட்டையை அவிழ்த்ததும் மேஸ்திரி அக்கா முதலில் கண்ணை மூடிக்கொள்வார். படுக்கை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து, விரல் நுனிகளை மறுமுனைவரை ஓட்டுவார். பேனா, சீப்பு, ஒருமுறை யாருடைய மேல்வரிசைப் பல்செட்டோ என்று ஆஸ்பத்திரி நோயாளிகள் விரிப்போடு சேர்த்துச் சலவைக்கு அனுப்பும் சொத்துகள் எல்லாம் இயந்திரத்துக்குள் போகும் முன்பே பிடிபட்டுவிடும். இதற்காகவே தடித்த கையுறையின் விரல் நுனிகளைக் கத்தரித்து வைத்திருந்தார். "முழு உறை போட்டா துணி என்ன சொல்லுதுன்னே தெரியாதுடி" என்பது சலவைக்கூடத்தின் சட்டம். இயற்றியவரும் அவரே.

இரண்டு மாதத்துக்கு முன் துணி ஓர் ஊசியைச் சொன்னது; யாரோ நோயாளிக்குப் போட்டுவிட்டு விரிப்பிலேயே விட்டது. ஆள்காட்டி விரலில், சுருக்கென்று. அக்கா விரலைக் கழுவி, விபத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, மிச்ச விரிப்புகளையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். மறுநாள் சட்டம் திருத்தப்பட்டது: எல்லோருக்கும் முழு உறை. திருத்தியவரும் அவரே.

இருபத்திரண்டு வருடத்தில் உடம்பு முடியவில்லை என்று ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவர். தனக்குக் காய்ச்சல் வந்தால் அதை உட்காரச் சொல்லாமலே வாசலோடு அனுப்பிவிடுவார். தலைவலி மாத்திரை போடுகிறவர்களை அவர் பார்க்கும் பார்வைக்குத் தலைவலியே தேவலை.

ஊசி குத்திய ஆறாவது வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி என்று வந்தது. டாக்டர் நிதானமாக விளக்கினார். கல்லீரலைப் பிடிக்கும் கிருமி, புதிதாக வந்திருக்கிறது. சிலருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடும். போகாவிட்டால் சத்தமில்லாமல் கல்லீரலை அரித்துக்கொண்டிருக்கும். காத்திருக்காமல் இப்போதே மாத்திரையைத் தொடங்குவது நல்லது.

அக்காவின் காதில் 'தானாகவே' மட்டும் விழுந்தது.

"அப்ப போயிடும்."

"நூறு பேர்ல இருபத்தஞ்சு பேருக்குத்தாம்மா."

"அந்த இருபத்தஞ்சுல நான் இருக்கேன். நீங்க மேல பேசுங்க."

ஒரு வாரம் சலவைக்கூடத்தில் இந்தப் பெருமை கொடிகட்டிப் பறந்தது. "என் ரத்தம் எப்படின்னு அதுக்கு இன்னும் தெரியல" என்று அக்கா கிருமிக்காக வருத்தப்பட்டார்.

"விசாரிக்காம வந்துருச்சுக்கா, பாவம்" என்று ஒத்து ஊதினார் இயந்திரம் ஓட்டுகிறவர்.

வீட்டில் கணவர் கெஞ்சிப் பார்த்து ஓய்ந்துபோனார். கல்லூரியில் படிக்கும் மகள் ஓயவில்லை.

"மாத்திரை போட்டா எத்தனை பேருக்குச் சரியாகுமாம்?"

"தொண்ணூத்தஞ்சுக்கு மேலயாம். என்ன இப்போ?"

"கணக்குல முப்பது வாங்கினதுக்கு என்னை வாசல்ல நிக்க வச்சியே, ஞாபகம் இருக்கா? இப்ப நீ இருபத்தஞ்சுக்கு ஆசைப்பட்டுட்டு உக்காந்திருக்கே. வெக்கமா இல்லையாம்மா?"

அக்காவுக்கு முகம் சிவந்தது. "மாத்திரை போட்டா மாத்திரைதான் ஜெயிச்சுதும்பாங்களே?"

"சொல்லிட்டுப் போறாங்க. நீ எனக்கு முழுசா வேணும்."

மறுநாள் டாக்டரின் அறை திறக்கும் முன்பே அக்கா வாசலில் நின்றார்.

"எத்தனை வாரம்?"

"பன்னிரண்டு. ஒருநாள்கூட விடக் கூடாது."

"விடறதா? என்கிட்டயா சொல்றீங்க?"

அன்று சாயங்காலம் முதல் மாத்திரையை நின்றபடியே, மகள் நீட்டிய தண்ணீரைத் தொடாமல் விழுங்கினார். பிறகு மகளின் முகத்துக்கு நேரே வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கி, அவள் நன்றாகப் பார்த்து முடிக்கும்வரை அப்படியே நின்றார்.