தண்ணீருக்கு மேல் நின்ற லொறி

சில வருடங்களுக்கு முன், மட்டக்களப்புப் பக்கம் ஒரு நீதிமன்றத்தில் நடந்தது. விவசாயிகளின் மானிய உரத்தைத் திருடி விற்ற வழக்கு. அரச தரப்பில் வாதாட யாழ்ப்பாணத்திலிருந்து போன சூரப்புலி அடியேன்தான். மோசடி வழக்குகளிலேயே தலை நரைத்தவன் என்ற மிதப்பு வேறு.

கண்ணால் கண்ட ஒரே சாட்சி, உரக் களஞ்சியத்தில் வேலை பார்த்த ஒரு பெண். முறைப்பாடு செய்ததற்காக அவரையே வேலையிலிருந்து இடைநிறுத்தியிருந்தார்கள். வழக்குத் தோற்றால் அந்த வேலை போனது போனதுதான்.

“பாதையில வச்சுத்தான் லொறியில இருந்த உரத்த உழவு மெஷின் இழுக்கிற பெட்டிக்கு மாத்தினாங்க. நானும் அதுலதான் நிண்டன்” என்றார்.

கொழும்பிலிருந்து வந்திருந்த எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வரைபடத்தை விரித்தார். “நீங்க சொல்ற இடத்துல ரோட்டே இல்லையே, வாவிதான் இருக்கு. லொறி என்ன, தண்ணிக்கு மேலயா நின்றது?”

“ஓம் ஐயா. தண்ணிக்கு மேலதான்.”

பின்வரிசையில் சிரிப்பு. என்னைப் பார்த்துத்தான் என்று நினைத்துக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். இடமாற்றத்தில் புதிதாக வந்திருந்த நீதிபதி பேனையைக் கீழே வைத்தார்.

“அம்மா, பொய்ச்சாட்சி சொன்னால் மறியலுக்குப் போகவேண்டி வரும். விளங்குதா?”

அந்தப் பெண் கூண்டின் விளிம்பைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்தேன். கோப்பு என்னைப் பார்த்தது.

என் சாட்சியை மறுபடி கேட்கும் மீள்விசாரணைக்கு எழுந்தேன். பதிலை நான் ஊட்டிவிடக் கூடாது, அது சட்டம். ஊட்டிவிட என்னிடம் பதிலே இல்லை, அது உண்மை. விடை தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்கவே கூடாது என்று இளையவர்களுக்கு வகுப்பெடுத்த அதே வாயால் கேட்டேன்.

“பாதை எண்டால் என்னம்மா?”

“இதென்ன ஐயா கேள்வி! வாவியக் கடக்க ஏறுவமே, இரும்புப் பாதை. லொறி, மெஷின், ஆக்கள் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு மண்டூருக்குப் போகுமே! களஞ்சியம் பாக்க வந்த அண்டைக்கு நீங்களும் அதுலதானே வந்தீங்க? இறங்கக்குள்ள ஒத்தச் சப்பாத்தத் தண்ணிக்குள்ள விட்டுட்டு நொண்டி நொண்டிப் போனீங்களே!”

நீதிமன்றம் அதிர்ந்தது. குனிந்து எழுதிய நீதிபதியின் தோள்கூடக் குலுங்கியது. நான் ‘ஃபெரி’ என்று ஏறி இறங்கிய மிதவைப் படகைத்தான் அங்கே ஊரே பாதை என்கிறது. எதிர்த்தரப்புக்காரர் வரைபடத்தைச் சத்தமில்லாமல் மடித்தார்.

உரம் திருடிய எதிரிக்குத் தண்டனை கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. என் சப்பாத்து மட்டும் இன்னும் வாவிக்குள்தான்.

தெரியாத சொல் வந்தால் யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம். அன்றிலிருந்து எனக்கு, நன்றாகத் தெரிந்த சொல்லைக் கண்டால்தான் நெஞ்சு படபடக்கிறது.