இடக்கைக் காலண்டர்

மண்ணெண்ணெயும் அச்சு மையும் கலந்த வாசனை ஒன்று உண்டு, சிவகாசிப் பக்கம் பள்ளிக்கூடம் போன யாருக்கும் அது மூக்கிலேயே நிற்கும். அது எங்கள் நோட்டுகளின் அட்டை வாசனை. அச்சகத்தில் நிறம் சரிபார்க்க ஓட்டிக் கழித்த ‘வேஸ்ட் சீட்டு’களை அப்பாக்கள் சுருட்டிக் கொண்டுவருவார்கள், கணக்கு நோட்டுக்கு முருகன், அறிவியலுக்குப் பனிமலை, தமிழுக்குத் தவழ்கிற பாப்பா என்று நாங்கள் அட்டை போட்டுக்கொண்டு போவோம். ஏழாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சை சமயத்தில் என் வரலாற்று நோட்டுக்குக் கிடைத்தது, பச்சைப் புல்வெளியில் வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர் கம்பும் கையுமாகக் குனிந்து பந்தைப் பார்க்கிற படம். பக்கத்திலேயே ஒரு குழி, அதில் ஒரு கொடி. கோல்ஃப் என்ற விளையாட்டு எங்கள் ஊருக்கு வந்தது அப்படித்தான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், சாத்தூர் ரோட்டை ஒட்டி ஒரு கண்மாய். ஐப்பசி மழை வரும்வரை அது காய்ந்து கட்டாந்தரையாகத்தான் கிடக்கும். பரீட்சை லீவில் நானும் முத்துமாரியும் தெருப்பிள்ளைகளைத் திரட்டி, கண்மாய்க்குள் ஏழு இடத்தில் தேங்காய்ச் சிரட்டைகளைப் புதைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சீட்டுக் கிழிசலில் கொடி நட்டோம். கம்புக்கு, முனை வளைந்த கருவேலங்கிளை. பந்து என் அம்மா செய்தது. அம்மா நாரணாபுரத்தில் ஒரு ‘பயர் ஆபீசில்’, அதாவது பட்டாசு ஆலையில், அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுகிறவள், கூழாங்கல்லைக் காகிதத்தில் பொதிந்து அதே கைப்பழக்கத்தில் சணல் சுற்றிப் பசை தடவிக் காயவைத்துக் கொடுத்தாள். மருந்து மட்டும் இல்லாத அணுகுண்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது, சொந்தமாக ஒரு கம்பு இருந்தால் போதும். ஆடு மேய்க்கிற தாத்தா முதல் ஐஸ் வண்டிக்காரர் வரை அந்த லீவில் எங்கள் கண்மாயில் ஆடாத ஆள் இல்லை.

சட்டம் ஒன்றே ஒன்றுதான்: படத்தில் உள்ளபடி நிற்க வேண்டும். அவருக்கு எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே, எந்தத் தோள் குழியைப் பார்க்கிறது என்று நோட்டைத் தரையில் வைத்து, நான் ஒவ்வொருவரையும் திருப்பி நிறுத்துவேன். கிட்டிப்புள்ளை வலக்கைப் பக்கமாக அடிக்கிற கூட்டம் முதலில் தடுமாறியது, இரண்டு நாளில் பழகிவிட்டது. “பெரிய மனுசக வெளையாட்டுன்னா அப்பிடித்தான் செரமமா இருக்கும்” என்று அம்மாவும் எனக்குப் பரிந்து பேசினாள்.

லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, சாத்தூர் ரயிலடியிலிருந்து சிவகாசிக்குப் போய்க்கொண்டிருந்த கார் ஒன்று கண்மாய்க்கரையில் நின்றது. இறங்கிய மனிதர் சிரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் எங்கள் ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

“ஏம்மா, நீங்க எல்லாருமே இடது கைக்காரங்களா?”

“இல்ல சார். படத்துல அவரு இப்பிடித்தான் நிக்காரு” என்று நோட்டை நீட்டினேன். பெருமை தாங்காமல், “இந்தப் படத்துக்குப் பிலிம் ஒட்டுனது எங்கப்பாதான்” என்று அச்சுக் கம்பெனிப் பெயர், அப்பா பெயர் எல்லாம் சேர்த்துச் சொன்னேன்.

அட்டையைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. படத்தில் இருந்தவர் அவருடைய முதலாளி. அந்தப் படம் போட்ட காலண்டருக்கு முதலாளி சார்பில் ஆர்டர் கொடுத்த ‘பார்ட்டி’யே இவர்தான். “எங்க ஐயா ஜென்மத்துல இடது கையால ஆடினதில்லையே” என்று சொல்லிக்கொண்டே என் நோட்டை வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்.

“ஏளா, ஒங்கப்பா பேரைச் சொல்லிட்டியே” என்றாள் முத்துமாரி. நான் கம்பைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அப்பாவின் வேலை பிலிம் ஒட்டுவது. படத்தின் பிலிமையும் எழுத்தின் பிலிமையும் விளக்கு மேசையில் வைத்து அளவு பார்த்து அவர் ஒட்டிக் கொடுத்த பிறகுதான் மிஷின் ஓடும். எழுத்தைச் சரியாக ஒட்டியவர், படத்தை மட்டும் முன்பின்னாகத் திருப்பி வைத்திருக்கிறார், அதில் வலது இடதாகிவிட்டது. ஓட்டியவர்களும் கவனிக்கவில்லை. சாமி படமாக இருந்தால், வேல் எந்தக் கையில் என்று சின்னப்பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். கோல்ஃப் ஆடுகிறவர் எந்தப் பக்கம் நின்றால் எங்கள் ஊரில் யாருக்கு என்ன தெரியும்? பாதி ஆர்டர் ஓடி முடிந்து, மறுநாள் லோடு ஏற்ற லாரி சொல்லியிருந்தார்கள்.

அப்பாவுக்கு வேலை போய்விடும், அதுவும் என் வாயால் போய்விடும் என்று அன்று பொழுது சாயும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். கம்பெனியில் நடந்ததை அப்பா வந்து அம்மாவிடம் சொல்லும்போதுதான் கேட்டேன். கூட வேலை பார்த்தவர்கள், ‘பிலிமே அப்படித்தான் வந்ததுன்னு சொல்லிரு’ என்று காதைக் கடித்திருக்கிறார்கள். அப்பா நேரே அச்சக முதலாளி முன்னால் போய், “நான்தான் மொதலாளி திருப்பி ஒட்டிட்டேன்” என்றிருக்கிறார். முதலாளி பிடிபிடி என்று பிடித்துவிட்டு, கடைசியில், “லோடு ஏறியிருந்தா நீயும் நானும் சேந்துதான் ஊரைக் காலி பண்ணணும். ஒம்மக தடுத்துட்டா. போயி நேரா ஒட்டு” என்றாராம்.

பிறகு அப்பா கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். “ஏளா, இங்கன வா. எப்பிடி அடிப்பீக, காட்டு.”

அழுதுகொண்டே கம்பை எடுத்து, படத்தில் உள்ளபடி நின்று அடித்தேன். “நல்லாத்தான இருக்கு” என்றார். அப்பாவை எனக்கு அன்றைக்குப் பிடித்த மாதிரி என்றைக்கும் பிடித்ததில்லை.

அடுத்த வாரம் சரியான சீட்டு ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். முத்துமாரி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுலதான்ளா தப்பா நிக்காரு” என்று தீர்ப்புச் சொன்னாள். நாங்கள் யாரும் மாறவில்லை. அந்த ஐப்பசியில் மழை பெய்து ஏழு சிரட்டையும் தண்ணீருக்குள் போயின.

இப்போது அந்தக் கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம், கரையோரம் பிளாட் போட்டு நட்ட கல். பிலிமும் போய்விட்டது, கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் படம் திரும்பிக்கொள்கிறது. நான் வேலை பார்க்கும் நகரத்தில், வாசலில் ஒரு சினிமா டிக்கெட் விலையைக் கட்டினால் யாரும் உள்ளே போய் ஆடக்கூடிய மைதானம் ஒன்று இருக்கிறது. எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலக்கைதான் எனக்கு. அங்கே மட்டும், வாடகைக்குக் கொடுக்கிறவர் என்னைக் கண்டதும், அவரிடம் இருக்கும் ஒரே இடக்கைக் கம்பை எடுத்து வைத்துவிடுவார். மோசமாக ஆடுகிறவள் இல்லை நான்.

போன மாதம் ஊரிலிருந்து வந்த அப்பாவை அங்கே கூட்டிப்போனேன். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். பந்து அடிக்கிற வரிசையில் எல்லோரும் ஒரு பக்கம் பார்த்து நிற்க, நான் மட்டும் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

“தப்பா ஓடுன சீட்டையெல்லாம் பேப்பர் கூழுக்குப் போட்டாச்சுன்னுல்ல நெனச்சிருந்தேன்” என்றார் அப்பா. “ஒண்ணு மட்டும் தப்பிச்சு வந்து இங்கன நிக்குது.”

பிறகு, “நல்லாத்தான இருக்கு, அடி” என்றார்.