கம்பத்தில் உரசிய பந்து

என் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். டிரைவிங் லைசென்ஸில் ஐந்தடி நான்கு என்று இருக்கும். கவுண்டரில் இருந்த பெண்மணி என் வாய்மொழியை நம்பிவிட்டாள். இந்த உயரத்தோடு, நாற்பது தாண்டிய பிறகு, நியூ ஜெர்சியில் நான் ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆடப் போனதற்குக் காரணம் என் மேனேஜர். மெல்போர்ன்காரர். அவருடைய ஞாயிற்றுக்கிழமை டீமில் ஒரு ஆள் குறைந்தது. அவர் கேட்டது அப்ரைசல் மாதத்தில்.

முட்டை வடிவப் பந்து. அதைப் பிடிக்க ஆறடி ஆசாமிகள் கும்பலாக எகிறுவார்கள். அடுத்தவன் தோளில் முழங்காலை ஊன்றி ஏறலாம், தப்பில்லை. குள்ளனுக்கும் ஒரு வேலை உண்டு. கும்பலின் காலடியில் நின்று, யார் கையிலும் சிக்காமல் விழும் பந்தைப் பொறுக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதில் நிற்பது எனக்கு நன்றாக வந்தது. மேனேஜர் ஆகாயத்தில் பறக்கும் அருமையான போட்டோ ஒன்று ஆபீஸில் மாட்டியிருக்கிறது. அதில் அவர் முழங்காலுக்குக் கீழே தெரியும் வழுக்கை என்னுடையது.

சில சீசன்கள் ஓடின. ஒரு கோல்கூட அடிக்கவில்லை. முட்டி டாக்டர் இதோடு போதும் என்றுவிட்டார். கடைசி ஆட்டம். ஒரே ஒரு கோல் போட்டுவிட்டு ஓய்ந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

அன்று பார்த்து கோல் அம்பயர் வரவில்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு வெள்ளைக் கோட்டை மாட்டி, கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினார்கள். அவள் மருந்துக் கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோல். விதியைச் சொல்லிக்கொடுத்தார்கள்: உயரமான இரண்டு கம்பங்களுக்கு இடையே போனால் கோல், ஆறு பாயிண்ட். கம்பத்தில் உரசினால் ஒரே பாயிண்ட்.

நாங்கள் படுமோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். கடைசி நிமிடங்களில் கும்பலிலிருந்து பந்து நேராக என் கைக்கு வந்தது. பக்கத்தில் யாருமில்லை. உதைத்தேன். இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போயிற்று. டீமே ஓடிவந்து என்னைத் தூக்கியது.

மனைவி ஒரு விரலை உயர்த்தினாள்.

"போஸ்ட்ல உரசிச்சு."

"யாருக்கும் கேக்கலையேம்மா!"

"நான்தானே பக்கத்துல நின்னேன்? எனக்குக் கேட்டுச்சு."

எதிர் டீம் கேப்டனே வந்து, "பரவாயில்லை, கோல் கொடுத்துவிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சிபாரிசு செய்தார். ஜெயிக்கப் போகிறவரின் பெருந்தன்மை. மேனேஜரும் கெஞ்சினார். அவள் என்னிடம் திரும்பித் தமிழில் கேட்டாள்.

"அவங்க ஓகேன்னா நான் அப்ரூவ் பண்ணிடணுமா? மாத்திரைக்கும் இப்படிப் பண்ணலாமா?"

"இது மாத்திரை இல்ல. புருஷனோட ஒரே கோல்."

"அதான் ரெண்டு தடவை யோசிச்சேன். ரெண்டு தடவையும் உரசிச்சு."

தூக்கியவர்கள் என்னை இறக்கிவிட்டார்கள். இறங்க அதிக தூரமில்லை.

காரில் பிளெய்ன்ஸ்பரோ வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். "நல்லாத்தான் உதைச்சீங்க" என்றாள். "கொஞ்சம் லெஃப்ட்ல உதைச்சிருக்கலாம்."

என் ஆட்ட வாழ்க்கை ஒரு பாயிண்டோடு முடிந்தது. அவளுடையது அன்றுதான் தொடங்கியது. சொந்தப் புருஷனுக்கே கோல் தராதவள் என்ற புகழ் எல்லா டீமுக்கும் பரவி, போன மாதம் டெக்சாஸ் போட்டிக்குப் பிளேன் டிக்கெட் அனுப்பிக் கூப்பிட்டார்கள். நானும் போனேன், என் செலவில். அங்கே மலை போன்ற ஒருவன், கம்பத்தில் படவே இல்லை என்று அவளிடம் வாதாடிக்கொண்டிருந்தான்.

"விட்டுடு தம்பி" என்று எல்லைக் கோட்டுக்கு வெளியே இருந்து தமிழிலேயே சொன்னேன்.