மேசை மேல் எழும்பிய சாம்பார் சாதம்

தந்தூரி இட்லி என்று ஒன்று இருப்பதே போன வருஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. அதை எங்கள் ஓட்டல் அடுப்பிலேயே, என் கணவரே செய்து, தட்டில் வைத்து என் முன்னால் நீட்டினார். இட்லியைச் சிவப்பு மசாலாவில் புரட்டி, குச்சியில் குத்தி, நெருப்பில் வாட்டி, மேலே வெள்ளையாக ஏதோ ஒன்றைக் கோடு கோடாக ஊற்றியிருந்தார். ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். இட்லி என்று நினைத்தால் இட்லி இல்லை. சரி, இல்லை என்று முடிவு கட்டினால் நடுவில் இட்லி இருக்கிறது.

"எப்டி கீது?" என்றார்.

"தெரியல பாவா," என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை.

அவர் எனக்கு அத்தை மகன். நான் அம்மையார்குப்பத்தில் தறி வீட்டுப் பெண். சின்ன வயதில் பாவா என்று கூப்பிட ஆரம்பித்தது, தலை நரைத்த பிறகும் அப்படியே இருக்கிறது. திருத்தணியில் மலைக்குப் போகிற ரோட்டில் எங்கள் ஓட்டல். பதினோரு மேசை. சுத்த சைவம். முடி இறக்கி, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு படி இறங்கி வருகிறவர்கள் நேராக உள்ளே வந்து கேட்பது ஒரே ஒரு பொருளைத்தான். சாம்பார் சாதம். அதைச் செய்வது அவர். மாவு, சட்னி, கல்லா, சண்டை எல்லாம் என் பொறுப்பு.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் இறக்குகிற முதல் அண்டாவிலிருந்து முதல் கரண்டி, சுவரில் இருக்கிற முருகன் படத்துக்கு முன்னால் இலையில் போகும். அது போகிறவரைக்கும் யாரும் வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது. சமைக்கிறவரும்தான். கல்யாண மண்டபங்களில் சமைத்த என் மாமனார் வைத்துவிட்டுப் போன கட்டுப்பாடு அது. அப்படியானால் உப்பு, புளி எப்படித் தெரியும்? மூக்கால்தான். மூடியைத் திறந்து, ஆவியைக் கையால் முகத்துப் பக்கம் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு, "உப்பு ஒரு கை கம்மி" என்பார் என் கணவர். கல்யாணமான புதிதில், இந்த ஆள் நம்மிடம் கதை விடுகிறார் என்றே நினைத்தேன். படையல் முடிந்ததும் ரகசியமாக எடுத்துத் தின்று பார்ப்பேன். ஒரு நாளும் தப்பியதில்லை.

அப்படிப்பட்டவர்தான் தந்தூரி இட்லியோடு வந்து நின்றார்.

அதோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் சீஸ் தோசை. அதற்கடுத்து பன்னீர் மோமோ. பிறகு பெரி பெரி என்று எதிலோ புரட்டிய உருளைக்கிழங்கு. எல்லாவற்றுக்கும் பாக்கெட் பாக்கெட்டாக மசாலா வந்து இறங்கியது. கைப்பிடியால் அளந்து போட்டுப் பழகியவர், பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் படித்து, பிளாஸ்டிக் ஸ்பூனால் தட்டித் தட்டி அளந்தார். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி உதடு அசைந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"இதெல்லாம் யாரு கேட்டாங்க? மலைக்கு வர்றவங்க மோமோ துண்றதுக்கா வராங்க?"

"காலம் மாறிக்கினு வருது," என்றார்.

காலம் மாறட்டும். இவர் ஏன் மாறுகிறார்? அதற்குக் கொஞ்சம் முன்புதான் அவருக்கு மோசமான ஒரு காய்ச்சல் வந்து போயிருந்தது. பத்து நாள் படுக்கை. எழுந்ததும் வேண்டுதல்படி மலை மேல் போய் முடி இறக்கிவிட்டு வந்தார். காய்ச்சலில் ஆள் கொஞ்சம் கழன்றுவிட்டதோ என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது. ஒருநாள் மத்தியானம் வீட்டு அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து, தெருவரைக்கும் நாற்றம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்புக்கு நாலு அடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

"முடி எறக்கும்போது மூக்கையும் சேத்து எறக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று கத்தினேன்.

அவர் சிரித்தார். நானும் என் வாய்ச் சாமர்த்தியத்தை நினைத்து மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

இன்னொரு புதுப் பழக்கமும் அவருக்கு வந்திருந்தது. காலையில் அண்டா கொதிக்கும்போது, "இங்க வந்து நில்லு" என்று என்னைக் கூப்பிடுவார். மாவுக் கையோடு போய் நிற்பேன். மூடியைத் திறப்பார். சாம்பாரைப் பார்க்க மாட்டார், என் முகத்தைப் பார்ப்பார். ரொம்ப நேரம் பார்ப்பார். பிறகு உப்போ புளித்தண்ணியோ எடுத்துக் கொஞ்சம் ஊற்றுவார், மறுபடியும் பார்ப்பார். என்னத்துக்கு என்று கேட்டால் கரண்டியை எடுத்துக் கிளற ஆரம்பித்துவிடுவார். இந்த வயதில் இது என்ன புதுக் கிறுக்கு என்று எனக்குக் குழப்பம். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். நல்ல புடவையாகப் பார்த்துக் கட்ட ஆரம்பித்தேன்.

இந்த லட்சணத்தில்தான் விளம்பரக்காரப் பெண் வந்து சேர்ந்தாள். அரக்கோணத்துப் பெண். அவள் அப்பா அங்கே வண்டி மெக்கானிக். எங்கள் ஸ்கூட்டரைச் சரிசெய்யப் போன இடத்தில் என் கணவர் அவரோடு பேசிக்கொண்டிருந்து, மகளின் தொழிலைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். தலையில் முக்காடு, தோளில் பெரிய பை, வாய் நிறையச் சிரிப்பு. ஆக்மெண்டட் ரியாலிட்டி என்று மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் நான் தலையாட்டினேன்.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. மேசைல ஒரு தாள் விரிச்சிருப்போம். அது மேல போன் கேமராவ காட்டினா, சாப்பாடு அப்படியே எழும்பி நிக்கும். சுத்திச் சுத்திப் பாக்கலாம்."

"எழும்பி நின்னா யாரு துண்றது?"

"அது சும்மா பாக்கறதுக்கு ஆன்ட்டி. பாத்துட்டு ஆர்டர் பண்ணுவாங்க."

சாப்பாட்டுக் கடையில் சும்மா பார்ப்பதற்கு ஒரு சாப்பாடு. அவள் தட்டு தட்டாக எல்லாவற்றையும் சுற்றி வந்து படம் எடுத்தாள். மோமோ, சீஸ் தோசை, குச்சி இட்லி. கடைசியில் நான் சண்டை போட்டு சாம்பார் சாதத்தையும் எடுக்க வைத்தேன்.

கிருத்திகைக்கு முந்தின நாள் மாலை, தாள்களோடு வந்து சோதனை போட்டுக் காட்டினாள். மேசையில் வழவழப்பான தாள். அதில் தட்டு வடிவத்தில் ஒரு கோலம். போனைக் காட்டினதும் வெறும் தாளின் மேல் எங்கள் சாம்பார் சாதம் எழும்பி நின்றது. நெய் பளபளத்தது, முந்திரி தெரிந்தது, ஆவி சுருள் சுருளாக மேலே போனது. போனை விலக்கினால் தாள்தான். மறுபடி காட்டினால் சாதம். நான் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். போனில் என் விரல் சாதத்துக்குள் போய் மறைந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன்.

டீ குடிக்க வந்த கே.ஜி.கண்டிகை ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இத்த ஒண்ணு குடுங்கம்மா" என்றார். கொண்டுவந்து வைத்தோம். போனையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுல பெருசா இருந்துச்சே," என்றார். அவரைச் சமாதானப்படுத்த இன்னும் ரெண்டு கரண்டி போட வேண்டியிருந்தது.

அப்போது என் கணவர் ஒரு காரியம் செய்தார். பக்கத்து மேசையில் போனைச் சாய்த்து வைத்து, அதில் ஆவி பறந்த சாதத்தின் பக்கம் குனிந்தார். கையால் ஆவியை முகத்துப் பக்கம் தள்ளினார். பிறகு நிமிர்ந்து, ஆட்டோக்காரரின் தட்டின் மேல் குனிந்து அதே மாதிரி செய்தார். என்னைப் பார்த்தார்.

"உனக்கு வாசன வருதா?"

அந்தப் பெண் கைகொட்டிச் சிரித்தாள். ஆட்டோக்காரருக்குச் சாதம் புரையேறியது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஜோக்கடித்துவிட்டு முகத்தை இப்படி வைத்துக்கொள்ள இவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் கிருத்திகை. விடிந்ததிலிருந்தே ரோடு நிறையக் கூட்டம். முதல் பந்திக்கு மொட்டைத் தலைகள் வந்து உட்கார்ந்துவிட்டன. நான் கூடத்தில் அந்தப் பெண்ணோடு மேசை மேசையாகத் தாள் விரித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அவர் ரெண்டு தடவை கூப்பிட்டார். "இங்க வந்து நில்லு." வரேன் வரேன் என்றேன். ஒரு பாட்டியம்மாள் தன் போனில் சாதம் எழும்பவில்லை என்று சண்டைக்கு வந்ததால் அங்கேயே நின்றுவிட்டேன்.

"ஆன்ட்டி, ஏதோ தீயுது," என்றாள் அந்தப் பெண்.

எனக்கும் வந்தது. பருப்பு அடிபிடித்துக் கருகுகிற நாற்றம். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சமையற்கட்டுப் பக்கம் திரும்பினார்கள். அதே நேரம் அவர் வெளியே வந்தார். கையில் இலை, இலையில் சாம்பார் சாதம், மேலே நெய். அமைதியாக நடந்து போய் முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, கற்பூரம் ஏற்றி, கண்ணை மூடிக் கும்பிட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. லேசாக அடிபிடித்தாலே ஒரு அண்டாவைக் கவிழ்த்துக் கொட்டிய மனிதர் இவர். கருகினதைக் கொண்டுபோய் சாமிக்கு வைக்கிறாரே, கோபமா, வேண்டுதலா, பைத்தியமா? கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

"இன்னா பாவா இது? தீஞ்சி போனத சாமிக்கு வெக்கிறீங்க?"

"தீஞ்சிடுச்சா?" என்றார்.

அண்டா அவருக்குப் பக்கத்திலேயே இருந்தது. அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. புகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையை நீட்டி அடுப்பை அணைத்தார்.  எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"காய்ச்சல் வந்ததுலேருந்து வாசன ஒண்ணும் வரல," என்றார். "எட்டு மாசம் ஆவுது. டாக்டரு வரும்னாரு. எப்போன்னு அவருக்கே தெரியலயாம்."

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கரண்டிய வாங்கிடுவ. அப்பால எனக்கு இங்க இன்னா வேல?"

என்னைக் கூப்பிட்டு நிறுத்திப் பார்த்தது எதற்கென்று அப்போது தெரிந்தது. சாம்பாரில் உப்பு குறைந்தால் எனக்கே தெரியாமல் என் மூக்கு சுருங்குமாம். புளி தூக்கினால் புருவம் ஏறுமாம். சரியாக இருந்தால் முகத்தில் ஒன்றுமே இருக்காதாம். எட்டு மாதமாக என் முகத்தைப் பார்த்துத்தான் திருத்தணிக்குச் சாம்பார் சாதம் வைத்திருக்கிறார். நான் அதற்குப் புடவை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். பாக்கெட் மசாலாவும், ஸ்பூன் அளவும், பார்த்தாலே போதும் என்கிற விளம்பரமும் எதற்கென்றும் தெரிந்தது. மூக்கை இறக்கிவிட்டு வந்தீர்களா என்று நான் கேட்டது காதுக்குள் திரும்ப வந்தது. அந்த வாயை அங்கேயே அடுப்பில் வைத்துத் தேய்க்கலாம் போல இருந்தது.

"அந்த இலைய எடுத்துடு," என்றார். "இத்தன நாளா சாமிக்கு இன்னா வெச்சேன்னே எனக்குத் தெரியாது."

அழுதார். கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது, ஆனால் வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். இலையை எடுத்தேன். சாமியிடம், கொஞ்சம் பொறு, வேறு வருகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள், உடனே கூடத்துக்குப் போய், "எல்லாரும் போன எடுங்க, சாதம் எப்டி எழும்புது பாருங்க" என்று ஒவ்வொரு மேசையாகக் காட்ட ஆரம்பித்தாள்.

புது அண்டா ஏற்றினோம். பருப்பு வெந்து, புளி கொதித்து, பொடி போட்டாயிற்று.

"வாயில வெச்சிப் பாருங்க பாவா. உப்பு நாக்குக்குத் தெரியுதுதானே? சாமி கோச்சிக்காது."

"படையலுக்கு முன்னாடியா?" என்று தலையை ஆட்டிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து, ஒதுங்கி எனக்கு இடம் விட்டார்.

அவர் நின்ற இடத்தில் நின்று, அவர் செய்வது போல ஆவியைக் கையால் தள்ளினேன். கண்ணை மூடினேன். பெருங்காயம் வந்தது, மல்லி வந்தது, ஏதோ வந்தது. உப்பு எங்கே இருக்கிறது? வாசனையில் உப்பை எப்படித் தேடுவது? இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும் அதை நான் ஒருநாள்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. என் முகத்தைப் பார்ப்பாரே என்று கண்ணைத் திறந்தேன். பார்க்கவில்லை. இனிமேல் அதற்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, என் வாயிலிருந்து வரப்போகும் சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

கூடத்தில் சந்தனம் காய்ந்த மொட்டைத் தலைகள் வெறும் மேசைகள் மேல் போனைப் பிடித்துக்கொண்டு, ஆவி பறக்கிற சாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"வந்துச்சா?" என்றார்.

"ஆங்," என்றேன். "எறக்குங்க பாவா."

உடனே அடுப்பை அணைத்தார். உப்பு சரியாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது.