ஈரச் சீருடைகளுக்குப் பின்னால்

ஈரம் உலராத காக்கித் துணிக்கென்று ஒரு மணம் உண்டு. சாம்பல் தண்ணீரின் காரமும், மரவள்ளிக் கஞ்சியின் புளிப்பும், அதை உடுத்தியவனின் வியர்வையில் எத்தனை துவைத்தும் போகாத மிச்சமும் ஒன்றாய்க் கலந்த அந்த மணத்தை, மலாக்காவின் காஜா பெராங்கில் என் தந்தையார் நடத்திவந்த சலவைக் கூடத்தில், ஜப்பானியர் ஆண்ட காலத்துப் புயல் மாதங்கள் முழுவதும் நான் சுவாசித்து வளர்ந்தேன். கூடம் என்பது பெரிய சொல். உண்மையில் அது அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு பலகை வீடு, அதன் பின்னால் ஒரு கிணறு, கிணற்றுக்கு அப்பால் கொடிகள் கட்டிய ஒரு வெற்றுத் திடல், அவ்வளவே.

கடல் பக்கத்து வானம் கறுத்து, கோழிகள் திடீரென்று கூட்டுக்கு நடக்கத் தொடங்கினால், "சுமத்ரா காத்து வருது" என்று தெருவில் யாராவது ஒருவர் சொல்லுவார். அடுத்த நொடியே திடலில் உலர்ந்துகொண்டிருந்த சீருடைகள் அனைத்தும் எங்கள் கைகளில் சுருண்டு வீட்டுக்குள் ஓடிவந்து, கூரை விட்டங்களுக்கு இடையே கட்டிய கயிறுகளில் தொங்கிவிடும். தலை இல்லாத சிப்பாய்கள் வரிசை வரிசையாய் நிற்பதுபோல் அவை காற்றில் அசையும். அவற்றின் கைகளை விலக்கிக்கொண்டுதான் நாங்கள் சமையற்கட்டுக்குப் போவோம், அவற்றின் நிழலில்தான் உண்போம். புயல் மாதங்களில் ஈரம் காய நாள்கணக்கில் ஆகும் என்பதால், ஒரு கூட்டம் இறங்குமுன் மறு கூட்டம் ஏறிவிடும்.

அந்தச் சீருடைகளை என் தந்தையார் விரும்பி ஏற்கவில்லை. ஊரை விட்டோடிய வெள்ளைக்காரர்களின் பங்களாக்களில் குடியேறிய ஜப்பானிய அதிகாரிகள், ஒரு நாள் மூட்டைகளை எங்கள் வாசலில் இறக்கச் செய்தார்கள். மறுப்பதற்கு அது விண்ணப்பமன்று, கட்டளை. ஆயினும் தெரு கட்டளையைப் பார்க்கவில்லை, கொடியில் தொங்கியதைத்தான் பார்த்தது. "சப்பான் டோபி" என்று எங்களுக்கொரு பெயர் வந்தது. நான் கிணற்றடிக்கு வந்தால் அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றுவிடும். வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும் அது மறுபடி தொடங்கும். பிற்காலத்தில் சொற்போர் மேடையேறி எதிரணியை வாயடைக்கச் செய்யும் பெருமையைப் பலமுறை பெற்றவள் நான்; ஒரு சொல்லும் பேசாமல் ஒரு கூட்டத்தையே வாயடைக்கச் செய்தது அந்த வயதில் மட்டுமே.

தெருவின் அந்த ஐயத்தை நாங்கள் மறுக்கவும் இல்லை, மாற்றவும் முயலவில்லை. காரணம், அந்தச் சீருடைகளுக்குப் பின்னால் என் அண்ணன் இருந்தார்.

அண்ணன் கதிரேசனுக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது. சயாமில் ஜப்பானியர் போடும் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்ற செய்தி முதலில் தோட்டங்களிலிருந்து வந்தது, பிறகு நகரத்துக்கே வந்துவிட்டது. சந்தைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை, கோயிலுக்குப் போனவரின் செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். "அவன் தாப்பாவுல சித்தப்பா தோட்டத்துக்குப் போயிட்டான்" என்று அம்மா தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டு, அண்ணனைப் பின்னறையில் இருத்தினார். பகலெல்லாம் அவர் அங்கே இஸ்திரி போடுவார். வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் தொங்கும் ஈரத்துணிகளின் மூன்று நான்கு திரைகளைத் தாண்டி அவர்கள் பார்வை போகாது. எனவே ஊருக்கெல்லாம் பகையாயிருந்த மழை எங்களுக்குக் காவலாயிற்று. ஊரார் ஏங்கி வேண்டிய வெயிலோ எங்களுக்குப் பகையாயிற்று. வெயில் அடித்தால் துணி வெளியே போகவேண்டும், துணி வெளியே போனால் வீடு நிர்வாணமாய் நிற்கும். காலையில் கண் விழித்ததும் அம்மா சாமி படத்தைப் பார்க்குமுன் வானத்தைப் பார்ப்பார்.

அண்ணனிடம் ஒரு குறை உண்டு: கை வேலை செய்தால் வாய் முணுமுணுக்கும். பாட்டென்று சொல்ல முடியாத ஒரு முனகல். "வாயை மூட்றா கதிரு, சயாமுக்குப் போயிப் பாடலாம்" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவார். "அங்க கேக்குறதுக்கு ஆளிருக்கும்மா, இங்க நீ ஒருத்திதான்" என்பார் அண்ணன்.

எங்கள் பலகைச் சுவருக்கும் பக்கத்து வீட்டுப் பலகைச் சுவருக்கும் இடையே ஒரு மனிதர் பக்கவாட்டில் நுழையும் சந்து மட்டுமே. அந்த வீட்டில் இருந்தவர்கள் மலாக்காச் செட்டிகள். எத்தனையோ தலைமுறைக்கு முன் வந்து வேரூன்றிய இந்துக்கள். நெற்றியில் திருநீறு, பூசையறையில் முருகன், வாயிலோ மலாய். மூத்த பெண்களை அங்கே "பீபி" என்று அழைப்பதால் நாங்களும் அந்த அம்மையாரைப் பீபி என்றே அழைத்தோம். அவர் கணவர் ஜப்பானிய அலுவலகம் ஒன்றில் எழுத்தர். இந்த ஒன்று போதாதா? அம்மாவுக்குப் போதும். "திருநீறு பூசிட்டா நம்ம சனமாயிடுமா? நாக்குல தமிழ் இல்லாதவ நெஞ்சுல என்ன வெச்சிருக்காள்னு யாருக்குத் தெரியும்?" என்பது அவர் வாதம். அதற்கேற்றாற்போல், எங்கள் பக்கத்துச் சன்னலைப் பீபி எப்போதும் சாத்தியே வைத்திருந்தார்.

தமிழ் நாக்கில் தேனாய் வழியும் ஒருவரும் எங்களுக்கு இருந்தார். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். செமாபோக்கில் குடியிருந்ததால் எங்களுக்கு அவர் செமாபோக் மாமா. பையன் உண்மையில் எங்கே இருக்கிறான் என்பது அவருக்கு மட்டும் தெரியும். "தங்கச்சி, ஆபத்துன்னு தோணுச்சுன்னா ஒரு நிமிசம் யோசிக்காத. என் வீட்டுக்கு அனுப்பிடு. என் உசுரக் குடுத்துக் காப்பேன்" என்று அவர் சொன்னபோது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பழங்கள் பழுக்கும் பருவம் அது. ஒரு பிற்பகலில் காற்று கிளம்பி, அடுத்த வீட்டின் சாத்திய சன்னலை அறைந்து திறந்துவிட்டது. அதைத் தற்செயலாய்ப் பார்த்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். முன்கூடத்தில் வாழையிலைகள் வரிசையாய்ப் போட்டிருந்தன. இலைகளில் சோறு, நாங்கள் மரவள்ளியை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் வெள்ளைச் சோறு. பக்கத்தில் டுரியானும் மங்குஸ்தீனும், குவளைகளில் தண்ணீரும். உண்ண அமர்ந்தவர் ஒருவரும் இல்லை. பீபியும் கணவரும் பிள்ளைகளும் வெளியே வந்து, கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு, அதன் முன் பேச்சின்றி நின்றார்கள்.

அம்மா உள்ளே வந்து அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "விருந்து வெச்சிருக்காங்க. யாரோ பெரிய ஆளுங்க வராங்க."

"படையலா இருக்கும்" என்றார் அப்பா.

"எனக்குத் தெரியாத படையலா? இன்னிக்கு அமாவாசையுமில்ல. காக்காய்க்கும் வைக்கல. படையலுக்கு யாராவது கதவைச் சாத்துவாங்களா? அரிசி எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிச்சீங்களா? காட்டிக்குடுக்கறவன் வீட்லதான் இன்னிக்கு அரிசி வேகுது."

ஒவ்வொரு வரியும் ஓர் ஆணியாய் இறங்கியது.  அண்ணனை அப்போதே செமாபோக்குக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. சலவை மூட்டையைத் தலையில் சுமந்து முகத்தை மறைத்துக்கொண்டு, மழையோடு மழையாய் நடந்துவிட வேண்டியது. அண்ணன் மூட்டையைத் தூக்கிய நேரத்தில் கதவு தட்டப்பட்டது. நாங்கள் அசையுமுன் அது திறந்தும்விட்டது.

பீபி நின்றார். கையில் தட்டு, தட்டில் சோறும் பழங்களும். தொங்கும் சட்டைகளுக்கு நடுவே தலையில் மூட்டையோடு நிற்கும் என் அண்ணனை அவர் பார்த்தார். வியப்பின் சாயல் ஒன்றும் அவர் முகத்தில் இல்லை.

"ஜாங்ஙான் பெர்கி" என்றார். போகாதே என்பது பொருள்.

மற்றதை அவர் மலாயில் சொல்லச் சொல்ல, அப்பா எங்களுக்குத் தமிழில் சொன்னார். செமாபோக் சாலையில் அன்று லாரிகள் நிற்கின்றனவாம், வாலிபர்களை ஏற்றுகிறார்களாம், கணவர் அலுவலகத்தில் காதால் கேட்டு வந்தாராம். அண்ணன் இங்கிருப்பது பீபிக்குப் பல மாதங்களாகவே தெரியுமாம். அப்பா மூட்டையோடு அவர் வாசலைத் தாண்டிப் போகிறார், அம்மா கிணற்றடியில் துவைக்கிறார், அப்போதும் சுவருக்கு இந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டி ஏறி இறங்கும் ஓசை கேட்கிறது, கூடவே ஒரு முனகலும். இலையைப் பற்றி அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். அது 'பார்ச்சு'வாம், பழங்கள் பழுக்கும் பருவத்தில் மூதாதையருக்கு அவர்கள் இடும் படையல். முன்னோர் கூச்சமின்றி உண்ணவேண்டும் என்பதற்காகக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது அவர்கள் வழக்கம். ஆண்டு முழுதும் கைப்பிடி கைப்பிடியாய் ஒதுக்கிய அரிசி அது. சன்னலை ஏன் சாத்தியே வைத்திருக்கிறீர்கள் என்று அம்மா அரைகுறை மலாயில் குறுக்கிட்டார். பீபி தொங்கும் காக்கிச் சட்டை ஒன்றை விரலால் தொட்டுக் காட்டினார். எங்களைக் கண்டு அவர்களுக்கு அச்சமாம்.

தட்டை வைத்துவிட்டு அவர் போய்விட்டார். பிறகு அந்த அறையில் நடந்ததுதான் நான் வாழ்வில் கேட்ட முதல் சொற்போர். அதற்குப்பின் நான் கண்ட எந்த மேடையிலும் அவ்வளவு பெரிய பொருளை முன்வைத்து எவரும் வாதாடியதில்லை.

"இங்கேயே நிக்க வெச்சுப் பிடிச்சுக்குடுக்கத்தான் வந்து சொல்லிட்டுப் போறா" என்றார் அம்மா.

"காட்டிக்குடுக்கணும்னா இவ்வளவு மாசம் எதுக்கும்மா சும்மா இருந்தாங்க?" என்றார் அண்ணன்.

"சரியான நேரம் வரட்டும்னு."

"மச்சான் சொல்றத மட்டும் எப்படி நம்புறே?" என்றார் அப்பா.

"அவரு என் ரத்தம்."

 அப்பா அண்ணன் தலையிலிருந்த மூட்டையைத் தாமே இறக்கி வைத்து, "போக வேணாம்" என்றார். அம்மா அந்தச் சோற்றைத் தொடவில்லை. நாங்கள் தொட்டோம், அதன் சுவையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

சில நாள்கள் கழித்து, இரக்கமற்ற வெயில் அடித்தது. துணியெல்லாம் திடலுக்குப் போயிற்று. வீடு வெறிச்சென்று நின்றது. அன்று விடிந்ததும் அண்ணனைச் சந்து வழியாய்ப் பீபியின் வீட்டுக்குள் தள்ளியவர், நம்ப மறுத்த அம்மாவே. நம்பிக்கையால் அன்று, வேறு வழியின்மையால்.

முற்பகலில் செமாபோக் மாமா வந்தார். அவரோடு கையில் பட்டை கட்டிய ஓர் அந்நியனும் வந்தான். ஆள் எடுக்கும் அலுவலகத்தானென்று அந்தப் பட்டையே சொல்லிற்று.

"என்னா தங்கச்சி, தம்பி எங்க? சௌக்கியமா?" என்றார் மாமா. தேன் அப்படியே வழிந்தது. அந்நியன் பின்னறைவரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினான். அந்நேரம் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு மெல்லிய முனகல் கிளம்பியது. கிளம்பிய கணமே பீபியின் அம்மிக்கல் மிளகாயை நசுக்கத் தொடங்கி, தெருவே அதிர நசுக்கியது.

அம்மா மாமாவின் முகத்தையே பார்த்தார். பிறகு அவர் குரல் உடைந்தது. "என்னண்ணே இப்படிக் கேக்குறே? மழையன்னிக்கே உன் வீட்டுக்குன்னு கிளம்பிப் போனானே. நீதானே உசுரக் குடுத்துக் காப்பேன்னே. என் புள்ளைய எங்கண்ணே விட்டே?" என்று தரையில் அமர்ந்து தலையிலடித்துக்கொண்டு அழுதார்.

பட்டை கட்டியவன் மெல்லத் திரும்பி மாமாவைப் பார்த்தான். "உன் வீட்டுக்கா?" என்று கேட்டான். மாமாவின் தமிழ் முதன்முறையாக வற்றியது.  இருவரும் வெயிலில் இறங்கிப் போனபோது அந்நியன் முன்னால் நடக்கவில்லை. மாமாவை முன்னால் நடக்கவிட்டு அவன் பின்னால் நடந்தான்.

அவர் காட்டிக்கொடுக்க வந்தாரா, கழுத்தில் கத்தி வைத்து அழைத்து வரப்பட்டாரா? பல ஆண்டுகளாய் எங்கள் வீட்டில் தீராத வழக்கு இது. "அவனும் ஒரு பயந்த மனுசன்" என்பார் அப்பா. "பயந்தவன் என் புள்ளையையா கொண்டு போவான்?" என்பார் அம்மா. எந்தப் பக்கம் நின்றும் வாதாடும் பயிற்சி பெற்ற நான், இந்த வழக்கில் மட்டும் எந்தப் பக்கமும் நிற்க இயலாதவளாய் இருக்கிறேன். மாமாவை அன்று விசாரித்துவிட்டுப் பிறகு விட்டுவிட்டார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டோம்.

இன்று சுதந்திரம் பற்றிய பேச்சு ஊரெங்கும் நிறைந்திருக்கிறது. எங்கள் திடலின் மேல் கடைவரிசை எழும்பிவிட்டது, கிணறு மூடப்பட்டுவிட்டது. பீபியும் கணவரும் புக்கிட் பாருவில் மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். அவர்கள் கூடத்தில் இப்போது ஒரு மிதிவண்டிக் கடை நடக்கிறது. அந்தக் கொடி, அந்தக் காக்கி, அந்த அத்தாப்பு, ஒன்றும் இல்லை. நாங்கள் குடிமாறி வந்த தெருவில் பக்கத்து வீட்டில் யார் வாழ்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு எங்களையும் தெரியாது. அச்சம்கூட எங்களுக்கிடையில் இல்லை.

சென்ற வாரம் செமாபோக் மாமா தம் மகளின் திருமண அழைப்போடு வந்தார். தமிழில் தேன் இன்னும் குறையவில்லை. அம்மா வரவேற்று நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார். குங்குமச் சிமிழ் நீட்டினார். மருமகளிடம் வெற்றிலைத் தட்டை எடுத்துவரச் சொன்னார். முறையில் குறை ஒன்றும் வைக்கவில்லை. "கதிர் எங்கம்மா, காணோமே?" என்று மாமா கேட்டபோதுதான், அதுவரை வாசலில் தம் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்த என் அண்ணன் அங்கே இல்லை என்பதை நான் கவனித்தேன். வேலியருகே மாமாவின் குரல் எழுந்ததுமே அவர் எழுந்து பின்னறைக்குள் போயிருந்தார். போ என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"வெளிய போயிருக்கான்ணே" என்றார் அம்மா, காப்பிக் குவளையை அவர் பக்கம் நகர்த்தியபடி.