பனிமூட்டத்தில் சித்தியின் குரல்

வில்பட்டிச் சாலையில் பட்டை ஏற்றிய ஒரு லாரி என்னைக் கடந்தது. ஈர மரப்பட்டை வாசம் அடித்ததும் எனக்கு உடம்பு சில்லிட்டது.

சின்ன வயதில், இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த எங்களைக் கொடைக்கானல் காட்டில் பட்டை உரிக்க அடைத்து வைத்திருந்தார்கள். தப்பியவர்களை நாய்களை விட்டுப் பிடிப்பார்கள். சாயங்காலம் பனிமூட்டத்துக்குள் நின்று கங்காணி ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவான்.

சித்தி தப்பி ஓடிய அன்றும் கூப்பிட்டான்.

"செல்லம்மா!"

"இருக்கேங்க."

சித்தியின் குரலேதான். அம்மாவைப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு குரல் வந்த பனியையே பார்த்தாள். கங்காணி அடுத்த பெயருக்குப் போய்விட்டான்.

சில நாளில் சித்தி அதிகாரிகளோடு வந்து எங்களை மீட்டாள்.

"நான் ஓடுனப்ப என்னைய ஏன்க்கா நாய விட்டு யாரும் தேடி வரல?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

"நீதானடி அன்னைக்குப் பனிக்குள்ளேருந்து குரல் குடுத்த?"

சித்தியின் முகம் வெளிறியது.

"அந்நேரம் நான் மலையிறங்கிப் பாலசமுத்திரத்துல கெடந்தேன்க்கா."